நாவலில் இருந்த நிலவறை

என் கணவர் ஈரானில் ஒரு முதலாளியின் மீன்பிடிப் படகில் வேலை செய்கிறார். அங்கே சண்டை தொடங்கியதும் தரங்கம்பாடியில் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை. டிவியில் புகையைத்தான் காட்டினார்கள். மனிதர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று அறிய, போர்க்காலத்து ஈரானியக் குடும்பத்தைப் பற்றிய நாவல் ஒன்றை நூலகத்தில் எடுத்துவந்தேன்.

அதில் குண்டு விழும்போதெல்லாம் குடும்பமே நிலவறைக்குள் இறங்கி, தேநீர் குடித்தபடி பழைய காதலைப் பேசுகிறது. அதை நம்பி, அவர் போன் செய்தபோது சொன்னேன்: "வீட்டுக்கு அடியில ரூம் இருக்குமாமே, சைரன் கேட்டா அங்க போயிடுங்க."

"அதெல்லாம் வீடு இருக்கிறவங்களுக்கு. நாங்க போட்டுலதானே படுக்கிறோம்" என்றார்.

அவரைப் போல ஒருவராவது வருவாரா என்று மீதியையும் படித்தேன். ஒரே ஒரு வரி வந்தது. துறைமுகத்திலிருந்த வெளிநாட்டுக் கூலிகள் எப்போதோ போய்விட்டார்களாம். எப்படிப் போனார்கள், உயிரோடு ஊர் சேர்ந்தார்களா என்பதெல்லாம் எழுதியவருக்கு ஒரு பொருட்டே இல்லை. புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்போது அவருக்கு யோசனை எதுவும் சொல்வதில்லை. போன் வந்தால் "சாப்பிட்டீங்களா" என்று மட்டும் கேட்கிறேன். இந்த வாரம் இன்னும் போன் வரவில்லை.