கூரைக்காரர் வீட்டுப் பெண்

வாலிபால் மாஸ்டருக்குக் கோபம் வந்து வருஷக்கணக்காகிறது. இளவயதில் வாய்த்துடுக்குக்காரர்தான், நடுவரோடு மல்லுக்கு நின்று மைதானத்தை விட்டு வெளியேற்றப்பட்டவர். தனியார் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மரத்துப்போனது. பல் பிடுங்கிய கன்னத்தைப் போல, தொட்டாலும் தெரியாது.

மாணவி ஒருத்தியின் அப்பா பெரிய மனசு பண்ணி ஆடுகளத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தார். பள்ளியே அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. மாஸ்டர் தன் பங்குக்கு, மனசுக்குள் அவருக்குக் ‘கூரைக்காரர்’ என்று பேர் வைத்தார். அவருடைய வீரம் அவ்வளவுதான். மழையிலும் பயிற்சி தடங்கல் இல்லாமல் நடந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பள்ளிகளுக்கிடையிலான இறுதி ஆட்டம் நெருங்கியபோது தலைமையாசிரியை கூப்பிட்டனுப்பினார்.

“மாஸ்டர், கூரை போட்டுக் குடுத்தாரே, அவர் பொண்ணு செட்டரா ஆடணும்னு ஆசப்படுறார். ஆட்டம் ஆரம்பிக்கிறதுலேருந்தே.”

“அந்த இடத்துல என் பொண்ணு ஆடுதுங்க மேடம்.”

“நல்லதாப் போச்சு. வேற யார் பொண்ண உக்கார வெச்சாலும் நாளைக்கே வந்து சத்தம் போடுவாங்க. உங்க பொண்ணுன்னா வெளிய தெரியாது.”

மற்றவர்கள் அடிப்பதற்குப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவள்தான் செட்டர். அணிக்கு ஒருத்திதான். மகள் விடியற்காலையில் சுவரில் பந்தடித்துப் பயிற்சி செய்து பிடித்த இடம் அது. அந்த ஆட்டத்தைப் பார்க்க மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் வருகிறார்கள். அன்று ஆடாவிட்டால் அவளை யாருக்கும் தெரியப்போவதில்லை. எல்லாம் தெரிந்துதான் மாஸ்டர் தலையாட்டிவிட்டு வந்தார். வீட்டில் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆட்டத்துக்கு முன் பெயர் வாசிக்க மாட்டார். வரிசையாக நிற்கும் பெண்களில் ஒருத்தியிடம் பந்தை வீசுவார். பிடித்தவள் பந்தைத் திருப்பி வீசிவிட்டுக் களத்துக்குள் போவாள். அன்றும் அப்படியே ஐந்து பேர் போனார்கள். ஆறாவது முறை பந்தை வீசும்போது கை பழக்கதோஷத்தில் மகள் பக்கம் போய்விட்டது.

அவள் பிடித்தாள். ஒரு கால் கோட்டுக்குள் வைத்தும்விட்டாள். அப்புறம் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். விருந்தினர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்ட கூரைக்காரரையும் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. காலைப் பின்னுக்கு எடுத்து, பக்கத்தில் நின்ற கூரைக்காரர் மகளின் கையில் பந்தைக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். மாஸ்டர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விசிலை வாயில் வைத்துக்கொண்டார்.

தோற்றிருந்தால் மனசை ஆற்றிக்கொள்ளவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். ஜெயித்துவிட்டார்கள். அந்தப் பெண் சுமாராகத்தான் ஆடினாள். மற்ற ஐந்து பேரும் ஓடி ஓடி ஈடுகட்டினார்கள். மகள் வெளியே உட்கார்ந்து எல்லாப் பாயிண்டுக்கும் கைதட்டினாள். மாஸ்டருக்கு மகிழ்ச்சியும் வரவில்லை, துக்கமும் வரவில்லை.

கூரைக்காரர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “என்னமோ யோசிச்சீங்களாமே மாஸ்டர், பாத்தீங்களா! அடுத்த வருஷம் சின்னவளும் வரா.”

“அனுப்புங்க சார்” என்றார் மாஸ்டர். பின்னால் மகள் பந்துகளை வலைப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் அம்மா ஆட்டம் எப்படி என்று கேட்டதற்கு, “ஜெயிச்சுட்டோம்மா” என்றாள் மகள். சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். பிறகு மாஸ்டரிடம் வந்து நின்றாள்.

“அப்பா, அடுத்த வருஷம் நான் டீம்ல இல்ல. பந்து எடுத்துப் போட ஆள் வேணும்னா மட்டும் சொல்லுங்க, வரேன்.”

குரலில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. அப்பாவிடமிருந்தே கற்றுக்கொண்ட குரல். அது மாஸ்டருக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்லித் தடுக்க வேண்டும் என்றும் தெரிந்தது.

“சரிம்மா” என்றார்.