மலையிலிருந்து தெரியும் வீடு

ஸுஹைர் மாமாவைப் போல ஊர் பார்த்தவர் கிண்ணியாவில் இல்லை என்பது எங்கள் குடும்பத்தில் யாரும் சந்தேகிக்காத உண்மை. இருபது வருடமாக ஆட்டோ ஓட்டுகிறார். வெள்ளைக்காரர், கொழும்பார், கனடாவிலிருந்து லீவில் வந்தவர் என்று யார் வந்தாலும் கன்னியா வெந்நீர்க் கிணறுகள், கோட்டை, கோணேசர் கோயில், திரியாய் விகாரை என்று கொண்டுபோய்க் காட்டுவார். பின்னேரம் வீட்டுக்கு வந்து, கண்டதையெல்லாம் மனைவி சனூஸா மாமிக்குச் சொல்வார்.

மாமி மீன் கழுவிக்கொண்டே கேட்பார். அவருக்குப் பிடித்த கதை ஒன்றுதான். கோணேசர் மலை உச்சியில் நின்றால் கடலுக்கு இந்தப் பக்கம் தங்கள் வீடு தெரியும் என்று கல்யாணமான புதிதில் மாமா சொன்னார். ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் இறங்குவாராம். அன்றிலிருந்து, மாமா அந்தப் பக்கம் போகும் நாட்களில், முற்றத்தில் உயரக் கட்டிய கொடியில் மாமி ஒரு மஞ்சள் படுக்கை விரிப்பை, அந்த பெட்சீற்றை, போடுவார். காயவைப்பதற்கு அல்ல, அது காய்ந்துதான் இருக்கும். மாமாவும் மறக்காமல், இன்றைக்கும் கண்டேன் என்று வந்து சொல்வார்.

போன மாதம் மாமி தன்னையும் ஒரு நாள் கூட்டிப்போகச் சொன்னார். அந்த உச்சியில் நின்று தன் வீட்டைப் பார்க்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். வெயில், கூட்டம், ஆட்டோ சேர்விஸ் என்று மாமாவிடம் இருந்த சாக்கெல்லாம் தீர்ந்தபோது ஒரு நாள் குறிக்கப்பட்டது. மாமா என்னையும் வரச் சொன்னார். வரலாற்றில் பட்டம் எடுத்துவிட்டு வேலை தேடுகிறவள் நான். குடும்பத்தின் முதல் பட்டதாரி. "நீங்க படிச்ச புள்ள. உள்ளுக்குப் போய் மாமிக்கு எல்லாத்தையும் விளங்கப்படுத்துங்க" என்றார். என் பட்டத்துக்கு ஒருவராவது மரியாதை தருகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு முதலில் கன்னியாக் கிணறுகளுக்குப் போனோம். மாமா ஆட்டோவை நேராக ஒரு மர நிழலில் கொண்டுபோய் நிறுத்தினார். "போய்ட்டு ஆறுதலா வாங்க. நான் இங்கதான் நிப்பன்" என்றார். எல்லாப் பயணிகளுக்கும் சொல்கிற அதே குரல்.

மாமி ஏழு கிணற்றுத் தண்ணீரையும் தொட்டுப் பார்த்தார். எதுவும் கையைச் சுடவில்லை.

"கடைசிக் கிணத்துல முட்டை அவியுமெண்டு உங்கட மாமா சொன்னாரே, மகள்?"

"முந்தி அவிஞ்சிருக்கும் மாமி" என்றேன். வரலாறு படித்தவளுக்கு இதைவிடப் பாதுகாப்பான பதில் கிடையாது.

பிறகு கோட்டைக்குள் மேயும் மான்களைத் தாண்டி மேலே போய், கோணேசர் கோயில் ஏற்றத்தின் அடியில் மாமா மறுபடியும் நிறுத்தினார். வாகனத்தை விட்டுவிட்டு வர ஏலாது என்று தொடங்கினார். பக்கத்து ஆட்டோவில் சாய்ந்திருந்த இராகுலன், மாமாவோடு அங்கே தினமும் காத்திருக்கிறவர், அவரை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடுகிறவர், உதவி செய்வதாக நினைத்துக்கொண்டார்.

"நான் பாத்துக்கொள்றன், போங்க காக்கா. இத்தனை வருஷமா இந்த மரத்தடிதானே. இண்டைக்காவது அதுக்கு மேல என்ன இருக்கெண்டு பாருங்களன்."

மாமா சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமி ஏறத் தொடங்கினார். நானும் போனேன். மாமா வரவில்லை.

செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, கோயிலைச் சுற்றிப் பாறை விளிம்புக்குப் போனோம். ஒரு பக்கம் முழுக்கக் கடல். மறுபக்கம் கொட்டியாரக் குடா, அதற்கப்பால் மூதூர்க் கரை ஒரு கோடு போல. கிண்ணியா இருக்க வேண்டிய இடத்தில் மரங்களும் பாறையும்தான் நின்றன.

"நம்மட வீடு எங்க, மகள்?"

போனில் வரைபடத்தைத் திறந்து, மரங்களை நோக்கிக் கையை நீட்டினேன். "இந்தப் பக்கம்தான் மாமி."

"தெரியுதா?"

"திசை சரி."

மாமி அந்த மரங்களையே நெடுநேரம் பார்த்தார். என் பதிலில் பொய் இல்லை. ஆனால் அதை உண்மை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நாலு வருடம் படித்து நான் கற்றது இதுதானா என்று யோசித்துக்கொண்டு இறங்கினேன்.

மாமா ஆட்டோக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே பளபளவென்று இருந்தது. வீடு தெரிந்ததா என்று திரும்பாமலே கேட்டார்.

"ஓம். நல்லாத் தெரியுது" என்றார் மாமி. "கொடியில மஞ்சள் பெட்சீற்றும் கிடந்திச்சு."

மாமாவின் முகத்தில் உயிர் வந்தது. "நான் சொல்லல்லயா? காத்தடிச்சா இன்னும் நல்லாத் தெரியும்."

சாப்பாட்டுக்கு டச் பே கடற்கரைக்குப் போனோம். வழியெல்லாம் மாமா காற்றைப் பற்றியும் வெளிச்சத்தைப் பற்றியும் பேசிக்கொண்டே வந்தார். ஒரு மரத்தின் கீழ் மாமி பையைத் திறந்தார். சோற்றுப் பார்சல்களுக்கு அடியில் மடித்திருந்த அதே மஞ்சள் பெட்சீற்றை எடுத்து உதறி மணலில் விரித்தார்.

மாமா பார்சலைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"இருங்களன்" என்றார் மாமி. "இருக்கத்தானே கொண்டுவந்த."

மாமா ஒரு மூலையில், அது சுடும் என்பது போல உட்கார்ந்தார். அவருடைய சோற்றின் மேல் மாமி பெரிய மீன் துண்டாகப் பார்த்து வைத்தார். அதில் கோபம் இருந்ததா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பாதிச் சாப்பாட்டில் மாமா கடலைப் பார்த்தபடி சொன்னார்: "நாளைக்கு ஒரு சவாரி இருக்கு. நான் மேல ஏறிப் பாக்குறன்."

அந்த உச்சியிலிருந்து வீடு தெரியவே தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். மாமி தன் சோற்றில் ஒரு பிடி அள்ளி என் பார்சலில் போட்டார்.

"பாருங்க" என்றார் மாமாவிடம். "நாளைக்கு இதக் கொடியில போடத்தான் வேணும். மணல் பட்டிருக்கு, கழுவோணும்."