டிங்கர் வீட்டுச் சத்தம்

விபத்தில் நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துவது அவருடைய தொழில். தெருவில் எல்லோருக்கும் அவர் டிங்கர்தான். முப்பது வருஷம் தகரத்தைத் தட்டியதில் காது பாதி போய்விட்டது.

மனைவிக்குப் பார்க்கின்சன் நோய் என்றதும் கை நடுக்கத்தை நினைத்துத்தான் எல்லோரும் பயந்தார்கள். குரலும் தேய்ந்துபோகும் என்று யாரும் சொல்லவில்லை. மாடியிலிருந்து கூப்பிட்டால் தெருமுனையில் கேட்கும் தொண்டை அவளுடையது. இப்போது பேச்சு உதட்டைத் தாண்டுவதில்லை.

"ஏங்க, தண்ணி."

"என்ன?"

"தண்ணி."

"வாயைத் திறந்து சொல்லேன்!"

முகமும் இறுகிப்போயிருந்ததால் அவள் கோபமாக இருக்கிறாளா, அழப்போகிறாளா என்றுகூட அவருக்குப் பிடிபடாது. அதனால் இன்னும் கத்துவார். பக்கத்து வீட்டுக்காரிக்குக் கேட்டது அவர் குரல் மட்டும்தான். மனைவியின் அக்காவுக்குப் போன் போட்டுவிட்டாள்.

அக்கா வந்து நின்றாள். யாராவது வந்தால் மனைவிக்கு எங்கிருந்தோ ஒரு தெம்பு வந்துவிடும். அன்றைக்கும் தானே எழுந்து வாசல்வரை நடந்து வந்தாள்.

"நல்லாத்தானே நடக்குறா! எதுக்கு மாப்பிள்ளை அவகிட்ட இப்படிக் கத்துறீங்க?"

அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"காலையில வந்து பாருங்க அண்ணி. பாத்ரூம் வாசல்ல கால் ஒட்டிக்கும். இழுத்தா விழுவா, விட்டா நகர மாட்டா. நான் பட்டறைப் பக்கம் போயே மாசமாச்சு."

"எல்லா வீட்டுலயும் இருக்கறதுதான்" என்று சொல்லிவிட்டு அக்கா கிளம்பிவிட்டாள்.

அடுத்து டாக்டரிடம் போனபோது, டாக்டர் அவளுடைய வாயருகே குனிந்து கேட்டுவிட்டு அவர் பக்கம் நிமிர்ந்தார்.

"முதல்ல உங்க காதைப் பார்க்கச் சொல்றாங்க. நீங்க தூங்குறதும் இல்லையாம்."

"இவளை யார்கிட்ட விட்டுட்டுப் போறது? நீங்க பார்த்துக்குவீங்களா?" என்று டாக்டர்மேலேயே எரிந்து விழுந்தார். டாக்டர் கோபப்படவில்லை. அங்கேயே அக்காவுக்குப் போன் போடச் சொன்னார்.

அப்படித்தான் ஒரு நாள் காலையில் அக்காவிடம் மனைவியை விட்டுவிட்டு அவர் காது பரிசோதனைக்குப் போனார். திரும்பி வந்தபோது பாத்ரூம் வாசலில் அக்கா முழங்கால்வரை நனைந்து, தங்கையைக் கட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அசையவே மாட்டேங்கிறா மாப்பிள்ளை. கையை விட்டா விழுந்துருவாளோன்னு பயந்துட்டேன்."

அவர் தன் பாதத்தை மனைவியின் காலுக்கு முன்னால் குறுக்கே வைத்தார். "இதைத் தாண்டு." அவள் தாண்டினாள்.

"தினமும் இப்படியா?" என்றாள் அக்கா. அவருக்கு அதில் எந்தத் திருப்தியும் இல்லை. இத்தனை நாள் தொண்டை கிழியச் சொன்னபோது அக்காவுக்குப் புரியாதது ஒரே நாள் காலையில் புரிந்துவிட்டதே என்று ஆத்திரம்தான் வந்தது.

"இனிமே சனிக்கிழமை நான் வரேன்" என்றாள் அக்கா.

"எந்தச் சனிக்கிழமை?"

"எல்லாச் சனிக்கிழமையும்தான்!"

பெரும்பாலும் வந்தாள். வராத வாரம் அவர் போனில் சண்டை போட்டார். வந்த வாரம் பட்டறைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு மொட்டைமாடியில் போய்ப் படுத்துத் தூங்கினார்.

காதுக் கருவி வந்த அன்று, சோறு ஊட்டும்போது மனைவியின் முணுமுணுப்பு தெளிவாகக் கேட்டது.

"உப்பே இல்ல. இந்தக் கிழத்துக்குச் சமைக்கவே வராது."

"இத்தனை நாளா இதைத்தான் சொல்லிட்டிருந்தியா?"

"இதைவிட மோசமா."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகம் அசையவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. சிரிப்பு அடங்குவதற்குள் அவள் பாத்ரூம் போகவேண்டும் என்றாள். பாதிச் சோற்றோடு தட்டைத் தள்ளி வைத்து, "இப்பத்தானே போயிட்டு வந்தே?" என்று சலித்துக்கொண்டே அவர் எழுந்தார்.