டோரதியின் மெஷினில் மட்டும்

மர்பி டவுன் டோரதிக்குக் கோவிந்தராஜனைக் கண்டாலே ஆகாது. அடுகோடியில் பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் அவர் நடத்திய கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் அவளுக்கு வேலை. ரோஜா ஏற்றுமதி செய்கிறவர்களுக்கென்று ஜாவாவில் ஒரு ப்ரோக்ராமை இரண்டு வருஷம் மாரடித்துத் தனியாக எழுதியிருந்தாள். எந்தப் பெட்டியில் எத்தனை கட்டு அடங்கும் என்று படமாகக் காட்டும், ஆர்டரை டிஸ்கில் சேமிக்கும். அதைத் தன் மூளையில் உதித்ததாக ஊரெல்லாம் அளந்துகொண்டு திரிந்தார் கோவிந்தராஜன்.

தொண்ணூற்றெட்டில் ஆனேக்கல் பூப்பண்ணைக்காரி பாகீரதியிடம் போய், "ஹாலந்துல பூ வாங்கறவங்க இன்டர்நெட் பக்கத்தைத் திறந்தா போதும், இதே ப்ரோக்ராம் அதுக்குள்ளேயே ஓடும்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

"படம் வரும் ஸார். ஆனா வெளியிலேர்ந்து வர்ற ப்ரோக்ராமை ப்ரௌசர் டிஸ்க்ல கை வைக்க விடாது. ஆர்டர் சேவ் ஆகாது. அதுக்கு நம்ம சர்வர்ல தனியா எழுதணும். ரெண்டு மாசம் கொடுங்க" என்றாள் டோரதி.

"ஒன்கிட்ட எதைக் கேட்டாலும் முடியாதும்பே. சீனு ஒரு வாரத்துல முடிக்கறேங்கறான். அந்தம்மா சரின்னுட்டா இனிமே ப்ரோக்ராம் அவனோடது."

நேற்று வந்த சீனுவுக்கு அவள் மெஷினும் போனது. அவளை வாசலோரம் போன் எடுக்க உட்கார்த்தினார்கள்.

சீனு சொன்னபடியே செய்தான். பக்கத்துக்குள் பெட்டிகள் வந்தன, ஆர்டரும் சேவ் ஆனது. மைசூர் பாகு கொடுத்தார்கள். டோரதிக்கு வயிறு பற்றி எரிந்தது. தான் படித்ததுதான் தப்போ என்றுகூடக் குழம்பினாள்.

எல்லோரும் சாப்பிடப் போனதும் அந்த மெஷினில் உட்கார்ந்து பார்த்தாள். ப்ரோக்ராம் மொத்தமும் இருந்த அவளுடைய பழைய ஃபோல்டர் அப்படியே கிடந்தது. எந்த ப்ரோக்ராமையும் ஜாவா முதலில் அந்த ஃபோல்டரில்தான் தேட வேண்டும் என்று அவளே எப்போதோ எழுதி வைத்த வரியும் இருந்தது. ப்ரௌசர் சர்வரைத் தொடவே இல்லை. அந்த மெஷினின் டிஸ்கிலேயே கிடைத்த ப்ரோக்ராமை வீட்டு ஆள் என்று நம்பி விட்டிருக்கிறது. ஃபோல்டர் பெயரை மாற்றிவிட்டு 'சேவ்' பட்டனை அழுத்தினாள். மறுத்துவிட்டது.

பெயரைப் பழையபடி மாற்றிவிட்டு, சீனு வந்ததும் கேட்டாள்: "இது என் மெஷின்ல மட்டும்தான் ஓடும். வேற மெஷின்ல பார்த்தியா?"

"பொறாமைப்படாதீங்க மேடம். சும்னே, பேசாம போங்க."

போனில் பேசிப் பழகியிருந்த பாகீரதி அவளையும் வரச் சொல்லியிருந்ததால் ஆனேக்கலுக்கு மூவருமாகப் போனார்கள். பாகீரதியின் கம்ப்யூட்டரில் பக்கம் திறந்தது, படம் வந்தது, சேவ் மட்டும் ஆகவில்லை.

"டோரதி எழுதின பழைய கோட்லதான் கோளாறு மேடம்" என்றார் கோவிந்தராஜன். அந்த ப்ரோக்ராமை எழுதியது டோரதி என்று அவர் ஒரு கஸ்டமரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை.

சீனு அவள் காதோரம் குனிந்தான். "உங்க ஃபோல்டரை இங்க காப்பி பண்ணா ஓடிடும்ல?" பதிலுக்குக் காத்திராமல், எதற்கும் இருக்கட்டும் என்று அந்த ஃபோல்டரைப் பதிந்து கொண்டுவந்திருந்த ஃப்ளாப்பியைப் பையிலிருந்து எடுத்துப் போட்டான். அங்கே தேடச் சொல்லும் அந்த வரியையும் எழுதினான். இந்தத் தடவை ஆர்டர் சேவ் ஆனது.

"வாயைத் திறக்காதே. ப்ரோக்ராமை ஒனக்கே தந்துடறேன்" என்று முணுமுணுத்தார் கோவிந்தராஜன்.

பாகீரதி டோரதியின் பக்கம் திரும்பினாள். "ஹாலந்துலயும் இப்படித்தானே ஓடும்?"

தலையை ஆட்டினால் போதும், இரண்டு வருஷ உழைப்பு அவள் கைக்கு வந்துவிடும்.

"ஓடாது மேடம். இப்ப இங்க ஃப்ளாப்பி போட்டோம். அங்க யாரு போய்ப் போடுவா?"

பாகீரதி அவளை மெச்சவெல்லாம் இல்லை. "உங்க சண்டையை உங்க ஆபீஸ்ல வெச்சுக்கங்க" என்று எழுந்து போய்விட்டாள். நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோவிந்தராஜன் சீனுவை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

டோரதி பஸ்ஸுக்கு நின்றாள். அவள் நேர்மைக்காகச் சொன்னாள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். 'ஓடாது' என்றதும் அந்த மனுஷனின் முகம் கறுத்ததே, அதைப் பார்க்க வேலையென்ன, அந்த ப்ரோக்ராமையே கொடுக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. கொடுத்துவிட்டாள்.