மழையைக் கழித்த குரல்

போன வாரம் தெரிந்த பையன் ஒருவன் போனில் குரல் செய்தி அனுப்பியிருந்தான். பஸ்ஸில் நின்றுகொண்டு பேசுவதாகச் சொன்னான். ஆனால் பஸ்ஸே கேட்கவில்லை. கண்டக்டரின் கூச்சல் இல்லை, ஹோர்ன் இல்லை, பக்கத்துச் சீட்டுப் பிள்ளையின் அழுகை இல்லை. இப்போதெல்லாம் போனே சுற்றுச் சத்தத்தைத் துடைத்துவிட்டுத்தான் அனுப்புகிறதாம். எனக்கு அது புதிதில்லை. நிவித்திகலவுக்கு மேலே இருந்த தேயிலைத் தோட்டத்தில், ஒரு மழையையே நான் துடைத்திருக்கிறேன்.

ரெண்டாயிரத்து ஆறோ ஏழோ இருக்கும். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மாணிக்கக் குழியில் சேறு இறைத்தேன், லொறியில் கிளீனராகப் போனேன், கொழும்பில் சி.டி. பிரதி எடுக்கும் கடையொன்றில் கொஞ்ச நாள் இருந்தேன். எங்கேயும் கால் தரிக்காது. கையில் எதுவும் இல்லாமல் போகும்போது தோட்டத்தில் அக்கா இருந்த லயத்து வீட்டுக்கு வந்துவிடுவேன். மச்சான் அப்போது கட்டட வேலைக்குக் கத்தார் போயிருந்தார்.

அக்காவின் கழுத்தில் கழலை. வெட்டி எடுக்க வேண்டும், குரல் மாறிப்போகலாம், சிலருக்குத் திரும்புவதே இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அக்காவின் குரல் சாதாரணக் குரல் இல்லை. மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே கீழ் லயத்துக் கோழியை விரட்டுவாள், கோழி ஓடும். சிரித்தால் மூன்று காம்பிரா தள்ளியிருக்கிற வீட்டிலும் கேட்கும்.

"தம்பி, கொரலு இருக்கக்குள்ளயே அவருக்குப் பேசி அனுப்பிரணும்டா. அப்புறம் போன்ல ஊமையாட்டம் நிக்க முடியாது" என்றாள். லீவில் வந்திருந்த ஒருவர் அந்த ஞாயிற்றுக்கிழமை கத்தார் திரும்புகிறார், அவரிடம் சி.டி. கொடுத்துவிடலாம். அடுத்த நாள் அக்கா ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தோட்டத்தில் கம்ப்யூட்டர் இருந்தது ஒரே இடத்தில்தான். பருத்தித்துறையிலிருந்து வந்து தோட்டப் பாடசாலையில் படிப்பித்த மாஸ்டரின் குவாட்டர்ஸில். யுத்தத்தால் வடக்குப் பாதை பூட்டியிருந்ததால் அவரால் ஊருக்குப் போக முடியாது. அந்தப் பழைய பெட்டியைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அதைப் போட்டால் சூடான தூசியின் மணம் வரும். இப்போதும் எங்காவது அந்த மணம் வந்தால் எனக்கு மாஸ்டரின் பிளேன்டீ ஞாபகம்தான் வரும்.

கம்ப்யூட்டரோடு வந்த ரெக்கோடர் ஒரு நிமிஷத்தில் நின்றுவிட்டது. அக்கா நலம் விசாரித்து முடிக்கவே அது போதாது. கொழும்பில் வாங்கிய சஞ்சிகையோடு வந்த சி.டி. ஒன்று என் பையில் கிடந்தது. அதில் இலவசம் என்று போட்டு ரெண்டு மென்பொருள். முதலாவது எல்லாவற்றையும் அழகாகப் பதிந்தது, சேமிக்கப் போனால் வாங்கினால்தான் சேமிக்கலாம் என்றது. "உவன் சாப்பிட விட்டுப்போட்டுக் கை கழுவக் காசு கேக்கிறான்" என்றார் மாஸ்டர்.

ரெண்டாவதைப் பார்த்தால் பரிதாபமாக இருந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு சட்டம், கொஞ்சம் பொத்தான்கள். ஆனால் அது எதையுமே கேட்கவில்லை. கூடவே ஒரு நீளக் குறிப்பு. மாஸ்டர் கண்ணாடியைப் போட்டு வாசித்துத் தமிழில் சொன்னார். எங்கெங்கோ நாடுகளில் இருக்கிற ஆட்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்த்திராதவர்கள், வேலை முடிந்த நேரத்தில் சும்மா செய்து விட்டிருக்கிறார்களாம்.

"அப்ப சிரமதானமுங்களா?" என்றாள் அக்கா. கோயில் பாதையை நாங்கள் அப்படித்தான் போட்டோம். ஆளுக்கொரு மண்வெட்டி, கூலி கிடையாது.

"ஓம், உலகச் சிரமதானம்" என்றார் மாஸ்டர். கண்காணி இல்லாமல், பெயர் போடாமல், எனக்காக யாரோ ஒரு பாதை வெட்டி வைத்திருக்கிறார்கள்!

பதிவுக்கு உட்கார்ந்தால் மழை. எங்கள் பக்கத்து மழையைத் தெரியாதவர்களுக்கு என்ன சொல்வது? தகரக் கூரையில் அது விழுந்தால் பக்கத்தில் இருப்பவரோடும் கத்தித்தான் பேச வேண்டும். நாள் முழுக்கக் காத்திருந்தும் விடவில்லை. அந்த மென்பொருளில் இரைச்சலை நீக்க ஒரு வழி இருந்தது. முதலில் இரைச்சலை மட்டும் தனியாகப் பதிந்து அதற்குக் காட்ட வேண்டும். பிறகு அது அடையாளம் கண்டு கழிக்கும்.

"ஒருத்தரும் கதைக்கப்படாது. மூச்சும் விடப்படாது" என்றார் மாஸ்டர்.

மழை மட்டும் பதிந்துகொண்டிருந்தது. திடீரென்று அக்கா, "மூச்சு விடாட்டி ஆப்பரேசனுக்கு முன்னயே போயிருவேன்ங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு அடக்க முடியாமல் சிரித்தாள். மாஸ்டருக்கும் சிரிப்பு. அந்தத் துண்டு கெட்டுப்போயிற்று. அதை ஒதுக்கிவிட்டு இன்னொன்று எடுத்தோம். அப்புறம் அக்கா மச்சானிடம் பேசினாள். சின்ன ஆப்பரேசன்தான், பயப்படாதீங்க, நேரத்துக்குச் சாப்பிடுங்க.

நான் பொத்தானை அழுத்தினேன். மழை போய்விட்டது. குழியில் அள்ளிய சரளையை வட்டிக் கூடையில் போட்டு அலசினால் சேறெல்லாம் ஓடிக் கல் மட்டும் அடியில் மின்னும். அதுபோல அக்காவின் குரல் மட்டும் மின்னியது. வெளியே கொட்டிக்கொண்டே இருக்கிறது, பெட்டிக்குள் ஒரு சொட்டு இல்லை. "உது சும்மா கணக்குத்தான் தம்பி" என்றார் மாஸ்டர். எனக்கு அது கணக்காகத் தெரியவில்லை. அந்த மயக்கத்தில், மழையோடு இருந்த அசல் எதற்கென்று அழித்தும் விட்டேன்.

ஆப்பரேசன் நல்லபடி முடிந்தது. கொஞ்ச நாளைக்குக் குசுகுசுப்பாகத்தான் பேசலாம் என்றார்கள். அக்கா வீட்டுக்கு வந்த வாரத்தில் மாஸ்டரின் போனுக்கு மச்சான் எடுத்தார், நாங்கள் குவாட்டர்ஸுக்குப் போனோம். அன்றைக்கென்று பார்த்து நல்ல வெயில்.

"மாப்ள, உண்மையச் சொல்லு. அவ எங்கருந்து பேசுனா?"

"இங்கருந்துதான் மச்சான்."

"பொய் சொல்லாதடா. இந்த மாசத்துல நம்ம தோட்டத்துல மழை கேக்காம ஒரு பேச்சு இருக்குமா? ஆஸ்பத்திரி ரூமுக்குள்ள வச்சுத்தான பேச வச்சீங்க? அவளுக்கு என்னமோ ஆயிருச்சு."

அக்கா போனை வாங்கிக் குசுகுசுத்தாள். "யாரு இது? இது அவ இல்ல" என்று மச்சான் அழுதார். நாளைக்கே வேலையை விட்டு வருகிறேன் என்றார். ஒப்பந்தம் முடியாமல் வந்தால் திரும்பப் போக முடியாது. அந்த வேலையை நம்பித்தான் வீடு இருந்தது. மழையை எடுத்தது கம்ப்யூட்டர் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நான் என்றாலும் நம்பியிருக்க மாட்டேன்.

மாஸ்டர்தான் போய்ப் பெட்டியைப் போட்டார். ஒதுக்கி வைத்த அந்தக் கெட்டுப்போன துண்டு அப்படியே இருந்தது. போனை ஸ்பீக்கரில் வைத்துப் பிடித்தேன். தகரத்தில் மழை. மாஸ்டரின் அதட்டல். மழை. பிறகு அக்காவின் பேச்சு, அந்தச் சிரிப்பு. எதிரே குரலில்லாமல் நின்ற அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

பிறகு மச்சான் மெதுவாகச் சொன்னார்: "இன்னொருக்காப் போடு."

வேலையை விடவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் முதலில் அந்தத் துண்டைத்தான் கேட்பார்.

வடக்குப் பாதை திறந்ததும் மாஸ்டர் மாற்றலாகி ஊருக்குப் போனார். பெட்டியும் போயிற்று, துண்டும் அதோடு போயிற்று. பிரதி எடுக்கும் கடையில் வேலை பார்த்த எனக்கு அதைப் பிரதி எடுக்கத் தோன்றவில்லை பாருங்கள். அந்த மென்பொருள் இன்னும் இலவசமாகத்தான் கிடைக்கிறது, யாரோ இன்னும் மண்வெட்டியோடு நிற்கிறார்கள்.

அக்கா பேசுகிறாள், கரகரப்பாக. சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது. மச்சான் ஊரோடு வந்து, தோட்டத்துக்குக் கீழே ஓட்டுக்கூரை வீடு கட்டிவிட்டார். உள்ளே இருந்தால் மழை அவ்வளவாகக் கேட்காது. மழை பிடித்துக்கொண்டால் அவர் எழுந்துபோய்க் கதவைத் திறந்து வைக்கிறார்.