சாக்பீஸ் கோடு

வேங்கிக்காலில் பக்கத்து வீட்டு மாடிப்படிக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கைப்பிடி பற்றவைக்கிறார்கள். காலையிலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரே சத்தம். "ஹை எவ்ளோ, லோ எவ்ளோ வெச்சிருக்கீங்க?" என்று எட்டிப் பார்த்துக் கேட்டேன். ரிட்டயர் ஆனவனுக்கு வாய் சும்மா இருக்குமா? பற்றவைப்பவர் சிரித்தார். "மிஷினே பாத்துக்கும் சார்."

எங்கள் மிஷின் எதையும் பார்த்துக்கொள்ளாது. எண்பதுகளின் தொடக்கம், ஸ்டேஷன் பக்கம் ஒரு பட்டறை. ரைஸ்மில் பாய்லருக்குக் குழாய் ஒட்டித் தருவோம். குழாயைக் கவ்விக்கொண்டு தானே சுற்றிவந்து ஒட்டும் மிஷின் அது. வந்த புதிதில் தெருவே வேடிக்கை பார்த்தது. அதில் இரண்டு திருகு முக்கியம். ஹை கரண்ட் உருக்கும், லோ கரண்ட் ஆறவிடும், மாறி மாறி. ஹை ரொம்பக் கூடினால் குழாய் ஓட்டையாகிவிடும். கொஞ்சம் கூடினால் ஒட்டு வெளியே அழகாகத்தான் இருக்கும். உள்ளே குழாய்ச் சுவர் மெலிந்துபோயிருக்கும்.

தீபத் திருவிழா பத்து நாளும் ஊரெல்லாம் சீரியல் பல்பு, மைக்செட். பட்டறையில் வோல்டேஜ் படுத்துவிடும். அதற்காக ஹையைக் கொஞ்சம் ஏற்றுவோம். திருகில் எண்ணெல்லாம் தேய்ந்துபோயிருந்ததால், ஏற்றியவன் அதன்மேல் சாக்பீஸால் ஒரு கோடு போடவேண்டும். கோட்டைப் பார்த்தால் அடுத்த ஷிப்ட்காரன் வோல்டேஜ் திரும்பியதும் இறக்கிவிடுவான். இது எனக்கும் அடுத்த ஷிப்ட் தேவராஜுக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அப்போது என் மனைவி கோபித்துக்கொண்டு தாய்வீடு போயிருந்தாள். தீபத்தன்று மத்தியானம் டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் தேவராஜ் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தான். நான் சட்டையைப் பிடித்தேன். அவன் என்னைச் சாக்கடையில் தள்ளினான். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஈரச் சட்டையோடு பட்டறைக்குப் போய், நானே போட்ட கோட்டைக் கட்டைவிரலால் அழித்தேன். நாளைக்கு வோல்டேஜ் ஏறும், நாலு குழாய் ஓட்டையாகும், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும். அவ்வளவுதான் நினைத்தேன்.

ஓட்டையாகவில்லை. அழகாக ஒட்டிக்கொண்டு கீழ்பென்னாத்தூர் மில்லுக்குப் போயின. நாலாம் நாள் ஒரு குழாய் வெடித்தது. நெல் அவித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம் ஆவியில் வெந்துபோனது.

அவளுடைய அண்ணன்கள் இரண்டு பேர் கம்பியோடு வந்தார்கள். "எவன்டா ஒட்னவன்?" முதலாளி தேவராஜைக் காட்டினார். அவன் வலது கையைப் பட்டறைக் கல்லில் வைத்து அடித்தார்கள். "கோடு இல்லீங்க! சத்தியமா கோடு இல்லீங்க!" என்று கத்தினான். "இன்னாடா கோடு?" என்று வாயிலேயே அடித்தார்கள். பல் ஒன்று தெறித்து என் செருப்பருகே விழுந்தது. அவன் கண் என்னைத் தேடியது. நான் வோல்டேஜ் மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பட்டறை இருந்த இடத்தில் இப்போது லாட்ஜ். மிஷின் பழைய இரும்புக்குப் போயிற்று. போன தையில் தேவராஜின் சாவுக்குப் போயிருந்தேன். கைகளைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். வலது கையில் மூன்று விரல் அப்போதும் நிமிரவில்லை. கோடு இருந்ததுடா, நான்தான் அழித்தேன் என்று சொன்னால், என்ன கோடு என்று கேட்காத ஒரே ஆள் அவன்தான்.