கொலுப்படி ஏறிய சொல்தா பொம்மைகள்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் நாங்கள் குடியிருந்தது பூர்விக வீடு. நடுவில் சுவர் வைத்து இரண்டாகப் பிரித்து, ஆளுக்கொரு வாசல் வைத்திருந்தார்கள். ஒரு பாதியில் என் கணவரின் அண்ணன் குடும்பம், மறுபாதியில் நாங்கள். என் கணவர் பஞ்சாலையில் ஃபிட்டர். நான் வீட்டிலேயே மெஷின் போட்டு ஜாக்கெட், பாவாடை தைத்துக் கொடுப்பேன். ஒரே மகள், அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள்.

என் கணவருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. ஆனால் ஒரு பித்து உண்டு. பொம்மை சேர்ப்பார். அதுவும் சாமி பொம்மை, தலையாட்டி பொம்மை இல்லை. கை கால் அசைகிற ஆள் பொம்மைகள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் சேர்த்ததில் பாதிக்குமேல் சிப்பாய்கள் என்பதால் தெருவில் இவருக்குப் பெயரே ‘சொல்தா பொம்மைக்காரர்’.

எழுபதுகளில் பிரான்சுக்குக் குடிபோன குடும்பங்கள் விட்டுச்சென்ற சாமான்களை ஞாயிற்றுக்கிழமைகளில் ரோட்டோரம் பரப்பி விற்பார்கள். மற்றவர்கள் நிலைக்கண்ணாடியும் நாற்காலியும் தேடும்போது இவர் குந்தி உட்கார்ந்து உடைசல் கூடையைக் கிளறிக்கொண்டிருப்பார். ஈயத்தில் வார்த்த சிவப்புக் கால்சட்டைச் சிப்பாய்கள், வாள் பிடித்த கை ஏறி இறங்குகிற குதிரைவீரன், ஒட்டகத்தின் மேல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருக்கிற வீரர்கள், சாவி கொடுத்தால் மத்தளம் தட்டுகிற தகரப் பொம்மை, குத்துச்சண்டைக்காரன், முழங்கை முழங்காலெல்லாம் மடங்குகிற பிளாஸ்டிக் பட்டாளத்தான் என்று ஒவ்வொன்றாக வீட்டுக்கு வரும். பெரும்பாலும் கை இருக்காது, கால் இருக்காது. மில்லில் கழித்துப்போட்ட கம்பியையும் கட்டையையும் வைத்து அவர் கை கால் செய்வார். பட்டாளத்தான்களுக்கு உடுப்பு தைப்பது என் வேலை. ஜாக்கெட் வெட்டில் மிஞ்சிய துணியில் தைத்துக் கொடுப்பேன். போட்டுப் பார்த்துவிட்டு, “தோள்ல பிடிக்குது, கையத் தூக்க முடியல பாரு” என்று திருப்பித் தருவார். ஊரில் எந்த வாடிக்கைக்காரியும் அப்படி என்னை வேலை வாங்கியதில்லை!

பக்கவாட்டு அறையில் பலகை அடித்து அவற்றை நிற்க வைத்திருந்தார். யார் கேட்டாலும் எடுத்துக் கையில் கொடுப்பார். உடைத்துவிடப் போகிறார்கள் என்று நான் பதறினால், “சும்மா நிக்க வச்சுப் பாக்குறதுக்கா கை கால் வச்சுச் செஞ்சிருக்கான்?” என்பார். அவரைக் கேலி செய்யாத ஆள் இல்லை. அவர் அண்ணன், அதாவது என் மூத்தாரே, “மீசை வச்ச ஆம்பள பொம்மை வச்சு விளையாடுறான்” என்று தெருவில் நின்று சொல்வார். என் கணவர் சிரித்துக்கொண்டே போய்விடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் மத்தியானம் மில்லில் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தவர், ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் போய்விட்டார். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

காரியம் முடிந்ததும் என் அம்மா என்னையும் மகளையும் விழுப்புரம் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு அழைத்துப்போனார். வீட்டுச் சாவியை மூத்தாரிடம் கொடுத்திருந்தேன். ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து அந்த அறையைத் திறந்தால், சுண்ணாம்பு வாசனை. சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். பலகைகள் கழற்றி மூலையில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. பொம்மை ஒன்றுகூட இல்லை.

மூத்தார் வந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. எங்களுக்கு நல்லது செய்துவிட்ட நிறைவோடுதான் பேசினார்.

“பக்கத்துல மேட்டுப்பாளையத்துல கம்பெனி வேலைக்கு வர்ற பசங்க ரூம் கேட்டு அலையுறாங்கம்மா. வாடகைக்கு வுட்டா உனக்கும் புள்ளைக்கும் ஆகும். செத்தவன் சேத்து வச்சதெல்லாம் வீட்டுல இருந்தா மனசு ஆறாது. அதான் போட்டுட்டேன்.”

“எங்க மாமா போட்டீங்க?”

“அது எதுக்கு இப்போ? விடு.”

நான் கத்தவில்லை, அழவில்லை. உள்ளே என்னவோ இறுகிப்போனது. அவர் செத்தபோதுகூட அப்படி இருந்ததில்லை. சாவு நம் கையில் இல்லை. இது கையில் இருந்தது, எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

என் ஓர்ப்படி, அதாவது மூத்தாரின் மனைவி, அதிகம் பேசாதவர். அவர் புருஷன் நகர்ந்ததும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெதுவாகச் சொன்னார்: “பெரிய மார்க்கெட்டுக்குப் பின்னால பழைய இரும்புக் கடை. நேத்துதான் மூட்டை போச்சு. இப்பவே போ.”

வெறுங்கையோடு போனால் கடைக்காரர் கொடுப்பாரா? என்னிடம் இருந்தது கல்யாணத்துக்கு அம்மா வீட்டில் கொடுத்த பித்தளைச் சீர். அண்டா, தவலை, குடம் மூன்றையும் பரணிலிருந்து இறக்கினேன். புருஷன் போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை, வெளியில் தலை காட்டக் கூடாது என்பதெல்லாம் அப்போது நினைவுக்கே வரவில்லை. மகளையும் பாத்திரங்களையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன்.

கடை ஒரு சந்துக்குள் இருந்தது. வாசலிலேயே பிளாஸ்டிக் பட்டாளத்தான்களும் தகரப் பொம்மைகளும் குவிந்து கிடந்தன. நான் தைத்த உடுப்புகள் மேல் ஆட்கள் மிதித்து நடந்துகொண்டிருந்தார்கள். உள்ளே அடுப்பு எரிந்தது. மீன் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு வார்ப்பது அவருக்குப் பக்கத் தொழில். அடுப்புக்குப் பக்கத்தில் எங்கள் மூட்டை வாய் பிரிந்து கிடந்தது. ஒட்டகச் சவாரிக்காரர்கள் அத்தனை பேரும் ஏற்கெனவே உருகிக் குண்டாகிவிட்டிருந்தார்கள். சட்டியில் ஒட்டகத்தின் தலை ஒன்று மட்டும் கடைசியாக மூழ்கியதை நானே பார்த்தேன்.

போய் அந்த மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டேன்.

“யாரும்மா நீ? எழுந்திரு, நெருப்புக்கிட்ட உக்காராத” என்றார் கடைக்காரர். முரட்டு உருவம்.

“இது எங்க வீட்டுக்காரர் சேத்தது. எனக்குத் தெரியாம வித்துட்டாங்க. இத நான் உருக்க விட மாட்டேன்.”

“நான் காசு குடுத்து வாங்கினேன். நீ பாட்டுக்கு வந்து உக்காந்தா?”

“சும்மா கேக்கல. பித்தளை கொண்டாந்திருக்கேன். எடைக்கு எடை எடுத்துக்குங்க.”

அவர் என்னைப் பார்த்தார், பாத்திரங்களைப் பார்த்தார், அழுதுகொண்டே தரையில் பட்டாளத்தான்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்தார். தராசை இழுத்துப் போட்டார். ஒரு தட்டில் சிப்பாய்களை அள்ளி வைத்தார். மறுதட்டில் நான் அண்டாவை வைத்தேன். ஈயம் நல்ல கனம், தட்டு அசையவில்லை. தவலையைத் தூக்கி வைத்தேன், லேசாக ஆடியது. குடத்தையும் வைக்கப்போனேன். அவர் கையை நீட்டித் தடுத்தார்.

“போதும். பித்தளை விலை வேற, ஈய விலை வேற. அண்டாவே ஜாஸ்தி. மத்தத எடுத்துக்கினு போ. அந்தத் தகரத்தையும் பிளாஸ்டிக்கையும் அள்ளிக்க, அதுக்கு ஒண்ணும் வேணாம்.”

சொல்லிவிட்டு மூட்டையை அவரே தூக்கி ரிக்‌ஷாவில் வைத்தார். நன்றி சொல்ல வாயெடுத்தேன். “போம்மா, வேலையக் கெடுக்காத” என்று திரும்பிக்கொண்டார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

வீட்டில் பெரிய சண்டை. சீர்ப்பாத்திரத்தைக் கொடுத்துப் பொம்மை வாங்கி வந்தவள் என்று தெருவே வாயில் போட்டு மென்றது. புருஷன் பைத்தியம் பெண்டாட்டிக்கும் ஒட்டிக்கொண்டது என்றார்கள். அறையை வாடகைக்கு விட மாட்டேன் என்று மூத்தாரிடம் சொன்னேன். பலகைகளை மறுபடி அடித்தேன். மில்லில் அவரோடு வேலை செய்தவர்களில் ஒருவர் வந்து, உடைந்த கைகளைப் பற்றவைத்துக் கொடுத்தார். கிழிந்த உடுப்புகளை நான் புதிதாகத் தைத்தேன்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கதவைச் சாத்தி உள்ளே வைத்துக்கொண்டால், வெட்கப்பட்டு ஒளித்து வைத்த மாதிரி ஆகிவிடும் என்று தோன்றியது. அவர் எதையும் ஒளித்து வைத்தவர் இல்லை.

புரட்டாசி வந்தது. டவுனில் நான் ஜாக்கெட் தைத்துக் கொடுக்கும் வீடுகளில் நவராத்திரிக்குக் கொலு வைப்பார்கள். பொம்மையைப் படியில் அடுக்கி, ஊரைக் கூப்பிட்டு, சுண்டல் கொடுப்பார்கள். பொம்மை வைப்பதுதானே கொலு? எங்களிடம் இல்லாத பொம்மையா?

மூத்தார் காதுக்குச் செய்தி போனதும் வாசலில் வந்து நின்றார். “நம்ம பரம்பரையில கொலு வைக்கிற வழக்கமே இல்ல. அதுவும் தாலி அறுத்து ஆறு மாசம் ஆகல, நீ கொலு வைக்கிறியா? நாலு பேரு காறித் துப்புவாங்க.”

“துப்புறவங்க துப்பட்டும் மாமா. வாசல் தொறந்துதான் இருக்கும்.”

“நீ வச்சா என் வீட்டு மனுஷங்க யாரும் உன் வாசப்படி மிதிக்க மாட்டாங்க.”

“அது உங்க இஷ்டம். கொலு வைக்கிறது என் இஷ்டம்.”

அவரிடம் அதுவரை நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

தெருவைப் பார்த்த முன்னறையில் ஏழு படி கட்டினேன். மேலே விரிக்கப் பட்டுத் துணி வாங்க வசதியில்லை. அவருடைய வெள்ளை வேட்டிகளை விரித்தேன். உச்சிப்படியில் அம்மன் படம். அதற்குக் கீழே குதிரைவீரன், சிப்பாய் வரிசை, பட்டாளத்தான்கள், குத்துச்சண்டைக்காரன். ஒட்டகக்காரர்களுக்கான இடத்தைக் காலியாகவே விட்டேன். தட்டில் மஞ்சள், குங்குமம், வெற்றிலை வைத்தேன். மகள் சுண்டல் தாளித்தாள்.

முதல் நாள் ஒருவர்கூட வரவில்லை. தெருப் பெண்கள் எதிர்ச்சாரியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, முகவாயில் கை வைத்துக்கொண்டு போனார்கள். குழந்தைகள் ஓடி வந்தால் அம்மாக்கள் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். சுண்டல் அப்படியே இருந்தது. “எடுத்துடலாம்மா” என்று மகள் அழுதாள். “ஒன்பது நாளும் இருக்கும்” என்றேன். இரண்டாம் நாளும் அதே கதைதான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் தெருவில் சைக்கிள் மணிச் சத்தம். ஷிப்ட் முடிந்து மில் தொழிலாளர்கள் கூட்டமாக வந்தார்கள், தலையில் பஞ்சுத் துகளோடு. வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து படிகளுக்கு எதிரே நின்றார்கள். பொம்மைக் கைகளைப் பற்றவைத்துக் கொடுத்தவர் என்னைப் பார்த்து, “அண்ணி, தொடலாமா?” என்று கேட்டார்.

“தொடுறதுக்குத்தான் வச்சிருக்கேன்.”

அவர் தகர மத்தளக்காரனுக்குச் சாவி கொடுத்துத் தரையில் விட்டார். டரடரவென்று அந்த மத்தளச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. அதற்கப்புறம் எந்த அம்மாவாலும் எந்தக் குழந்தையையும் பிடிக்க முடியவில்லை. கூட்டமாக உள்ளே புகுந்தன. குதிரைவீரன் வாள் ஓங்கினான், குத்துச்சண்டைக்காரன் குத்தினான், பட்டாளத்தான்கள் உட்கார்ந்து எழுந்தார்கள். பிள்ளைகளைத் தேடி அம்மாக்கள் வந்தார்கள். சுண்டல் ஒரு நிமிடத்தில் காலி.

ஆனாலும் ஒரு குறை இருந்தது. வந்த பெண்கள் சுண்டல் வாங்கிக்கொண்டார்கள், குங்குமம் வாங்க என்னிடம் யாரும் வரவில்லை. நானும் நீட்டவில்லை. என் மகள்தான் வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தாள். ஊரை எதிர்த்துக் கொலு வைத்த எனக்கு அந்தத் தட்டைத் தொடத் தைரியம் வரவில்லை.

சரஸ்வதி பூஜையன்று முன்னறையில் நல்ல கூட்டம். தெருவில் நின்றவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் திரும்பினார்கள். பார்த்தால், என் ஓர்ப்படி. பின்கட்டு வழியாகவோ சுவர் ஓரமாகவோ அவர் வரவில்லை. தலை நிறையப் பூ வைத்து, நல்ல புடவை கட்டி, தன் இரண்டு பெண்களையும் கையில் பிடித்துக்கொண்டு, தன் வாசலில் இறங்கித் தெருவில் நடந்து என் வாசலில் ஏறினார். அவர் புருஷன் அங்கே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

படிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். பெண்கள் பொம்மைகளிடம் ஓடிவிட்டார்கள். என் மகள் குங்குமத் தட்டை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள். அவர் தலையை ஆட்டிவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

“நீதானே கொலு வச்ச? நீ குடு.”

“அக்கா, நான் எப்படி...”

“கொலு வைக்கலாம், குங்குமம் குடுக்கக் கூடாதா? குடுடி.”

நெற்றியைக் காட்டியபடி குனிந்தார். வைத்தேன். அவசரத்தில் நிறைய எடுத்துவிட்டேன், அவர் மூக்கிலெல்லாம் கொட்டியது. அவர் அதைத் துடைக்கவே இல்லை. அப்படியே தெருவில் நடந்து தன் வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு முன்னறையில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக என்னிடம் வந்தார்கள்.

மூத்தார் கடைசிவரை என்னோடு சரியாகப் பேசவில்லை. அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. சில வருடம் கழித்துச் சென்னையிலிருந்து ஒருவர் கார் போட்டு வந்து, நல்லதாக இருப்பதை மட்டும் பொறுக்கிக் கேட்டார். கை ஒட்டுப்போட்டது வேண்டாமாம். ஒட்டுப்போட்ட கைகள்தான் என் கணவருடைய வேலை, அதை விட்டுவிட்டு எதை எடுத்துப்போகப் பார்க்கிறீர்கள் என்று கேட்டுத் திருப்பி அனுப்பினேன். இன்றைக்கும் ஒவ்வொரு நவராத்திரிக்கும் அவை படியேறுகின்றன. குழந்தைகள் உடைக்கிறார்கள், நாங்கள் ஒட்டுகிறோம்.

அன்று நான் யாரிடமும் நியாயம் பேசி ஜெயிக்கவில்லை; என் புருஷன் ஆசையாகச் சேர்த்ததைக் குப்பை என்று சொன்ன ஊருக்கு எதிரே ஒன்பது நாள் கதவைத் திறந்து வைத்தேன், அவ்வளவுதான். அதற்கப்புறம் வாழ்க்கையில் எத்தனையோ பேர் என்னைப் பார்த்து ‘உன்னால் ஆகாது, உனக்குக் கூடாது’ என்று சொல்லியிருக்கிறார்கள். ஒருவருக்கும் நான் தலைகுனிந்ததில்லை.